வீட்டில் செய்த ஒலிக்கருவிக்குப் பவர் ஜாக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஏ.எல். எழுதிவிட்டு நிற்கும் பொடியன்மார் பலர் இப்போது பிரீஅம்ப், ஹெட்போன் அம்ப், சின்ன ஸ்பீக்கர் பெட்டி என்று தாங்களே செய்கிறார்கள். சர்க்கிட்டில் அவர்கள் காட்டும் கவனம் சந்தோஷம் தருகிறது. ஆனால் கரண்ட் உள்ளே வரும் இடத்துக்கு மட்டும் கையில் அகப்பட்ட ஜாக்கைப் போட்டுவிடுகிறார்கள். நான் பழகிய காலத்துப் பிழைகளே அச்சொட்டாகத் திரும்ப நடக்கின்றன. ஈயம் பிடிக்காதது, வயர் அறுந்தது எல்லாம் ஒரு தடவை பட்டால் விளங்கிவிடும். அவற்றை விடுகிறேன்.

நடுவில் பிளஸா, மைனஸா?

அடப்டரின் வட்ட பிளக்கில் நடுத்துளை ஒரு முனை, வெளி உருளை மற்ற முனை. எது பிளஸ் என்பதற்குப் பொது விதி இல்லை. ரூட்டர், சிசிடிவி அடப்டர்கள் பெரும்பாலும் நடுவில் பிளஸ். கித்தார் ஒலியை மாற்றும் பெடலுக்கான 9 வோல்ட் அடப்டர்கள் பெரும்பாலும் நடுவில் மைனஸ்.

உப்புவெளியில் ஒரு தம்பி, நவராத்திரி பஜனைக்கு வாசிக்கும் வயலினில் அதிர்வைச் சிக்னலாக்கும் பியேசோ பிக்அப் ஒட்டி, டிஎல்072 என்ற ஐசி வைத்து ஒரு பிரீஅம்ப் செய்தான். நேர்த்தியான வேலை. இணையத்தில் எடுத்தது கித்தார் பெடல் படம் என்பதால் ஜாக்கின் நடுவில் மைனஸ். 9 வோல்ட் பற்றரியில் அருமையாக வேலை செய்தது. பற்றரி இறங்கியதும் வீட்டு ரூட்டரின் 12 வோல்ட் அடப்டரைச் செருகினான். ஐசி கொதித்தது, கப்பாசிட்டர் வீங்கியது. சோல்டர் சூட்டில்தான் ஐசி போனதென்று நினைத்து, புதியது வாங்கிப் போட்டு, அதே அடப்டரைத் திரும்பச் செருகினான். அதுவும் போயிற்று. பஜனைக்கு வயலின் மைக் இல்லாமலே போனது.

கேட்டால் "12 வோல்ட் கூடிப்போச்சு அண்ணா" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். டிஎல்072-இன் உச்ச எல்லை 36 வோல்ட். 12 அதற்கு ஒரு சுமையே இல்லை. அதைக் கொன்றது மாறிப்போன திசை. காரணத்தைப் பிழையாகப் பிடித்தால் அடுத்த ஐசியும் அதே வழியில்தான் போகும்.

பெடல்காரர் மைனஸை நடுவில் வைத்ததற்கு நியாயம் உண்டு. ஜாக்கில் மூன்றாவதாக ஒரு கால் இருக்கும். பிளக் இல்லாதபோது அது வெளி முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளக் நுழைந்ததும் விலகும். பற்றரியின் பிளஸை அந்தக் காலில் கொடுத்தால், அடப்டர் செருகியவுடன் பற்றரி தானாகக் கழன்றுவிடும். அதற்குப் பிளஸ் வெளிமுனையில்தான் இருக்க வேண்டும். உங்கள் கருவி பெடலும் இல்லை, உள்ளே பற்றரியும் இல்லை என்றால் அந்த ஏற்பாடு உங்களுக்கு எதற்கு? நடுவில் பிளஸ் வையுங்கள். பெடல்தான் செய்கிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் உடல் ஜாக் மட்டுமே வாங்குங்கள். உலோக ஜாக்கை அலுமினியப் பெட்டியில் முறுக்கினால், வெளிமுனைப் பிளஸ் பெட்டியைத் தொடும். பெட்டி ஏற்கெனவே சிக்னல் மைனஸில் இருக்கும். நேரே ஷோர்ட்.

எதை வைத்தாலும் ஜாக்குக்குப் பின்னால் தொடராக, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் ஒன்று போடுங்கள். 1என்4007 கிட்டத்தட்ட 0.7 வோல்ட்டைத் தின்னும். 1என்5817 சிறிய கரண்டில் அதில் பாதியளவுதான். ஆனால் 5817 தாங்கும் எதிர்த்திசை அழுத்தம் 20 வோல்ட் மட்டுமே. 24 வோல்ட் அடப்டர் புழங்கும் வீடென்றால் 40 வோல்ட் தாங்கும் 1என்5819. பெட்டியில் வோல்ட்டையும் நடுமுனைக் குறியையும் அழியாத மையால் எழுதுங்கள். அடப்டரின் லேபிளில் குறி தேய்ந்திருந்தால், மீட்டரின் சிவப்பு முனையை நடுத்துளையிலும் கறுப்பை வெளியிலும் வையுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் அடையாளம் வந்தால் நடுவில் மைனஸ்.

2.1-உம் 2.5-உம்

வட்ட பிளக்கின் இந்த இரண்டு வகைக்கும் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர்தான், நடு ஊசியின் தடிப்பு வேறு. 2.1 பிளக் 2.5 ஊசியில் ஏறாது, அதனால் ஆபத்தில்லை. 2.5 பிளக் 2.1 ஜாக்கில் ஏறிவிடும், ஆனால் ஆடும். வயர் அசைந்தால் கரகரவென்று சத்தம் வரும். பிழை அங்கே என்று நினைத்துப் பொடியன்மார் வொலியூம் கொன்ட்ரோலைக் கழற்றி மாற்றிக்கொண்டிருப்பார்கள். வாங்கும்போதே அடப்டரைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள்.

3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக்கில் கரண்ட்

வேண்டாம். செருகும்போதே பிளஸும் மைனஸும் உரசும்.

5 வோல்ட் போர்டுக்கு வட்ட ஜாக்

பிஏஎம்8403 என்ற சின்ன அம்ப் போர்டு 5.5 வோல்ட்டுக்கு மேல் ஓட்டுவதற்கானதல்ல. அதற்கு வட்ட ஜாக் வைத்தால் என்றோ ஒருநாள் வீட்டில் யாராவது 12 வோல்ட்டைச் செருகுவார்கள். யூஎஸ்பி வையுங்கள். யூஎஸ்பி-சி என்றால் ஜாக்கின் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களிலிருந்தும் மைனஸுக்குத் தனித்தனியே 5.1 கிலோஓம் தடையி வேண்டும். இல்லாவிட்டால் இருபக்கமும் சி உள்ள கேபிளில் கரண்டே வராது. ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் சி உள்ள பழைய கேபிளில் வருவதால் போர்டு சரி என்று நம்பிவிடுகிறார்கள்.

மைக்ரோ யூஎஸ்பி

போர்டிலிருந்து பெயர்ந்துவிடும்.

கடற்காற்று

டச் பே பக்கம் வீடென்றால் மலிவான ஜாக்கின் பூச்சு சீக்கிரம் கறுக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கருவியில் கரகரப்பு வந்தால், அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பிளக்கைச் சில தடவை ஏற்றி இறக்குங்கள். போகாவிட்டால் கொன்டாக்ட் கிளீனர். தேங்காயெண்ணெய் விடாதீர்கள்; தூசியைப் பிடித்து இன்னும் மோசமாக்கும்.