குறோசேயும் கம்பளிப் பின்னலும்: சின்னச் சாமான்களில் விடும் பெரிய பிழைகள்

குறோசேயில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால், கிளாஸ் வைக்கப் பின்னிய வட்டம் கிண்ணம் மாதிரிக் குழிந்து நிற்கும். பிறந்த பிள்ளைக்கென்று பின்னிய தொப்பி ஆறு மாதப் பிள்ளைக்கு அளவாக வரும். சட்டி இறக்கவென்று பின்னிய பிடிதுணி அடுப்புச் சூட்டில் உருகிச் சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றிலும் பின்னியவருடைய கை பிழைக்கவில்லை. முதலாவதில் எண்ணிக்கை பிழை, இரண்டாவதில் ஊசி இலக்கம் பிழை, மூன்றாவதில் நூல் பிழை.

பெரிய சட்டை பின்னுகிறவர் அளவெடுக்காமல் தொடங்கமாட்டார். 10 சென்ரிமீற்றர் வட்டத்துக்கு யார் அளவெடுக்கிறார்கள்? சட்டையில் இரண்டு கண்ணி கூடினால் ஒருவருக்கும் தெரியாது. சின்ன வட்டத்தில் கூடினால் மேசையில் வைத்த உடனேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நூலைப் பார்த்து வாங்காதது

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் தையல் சாமான் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அக்றிலிக் நூல். நிறமும் வடிவு, விலையும் தாங்கும். அதை 'ஊல்' என்றே கேட்டு வாங்குகிறோம். ஆனால் அது ஆட்டு மயிர்க் கம்பளி இல்லை, பிளாஸ்ரிக் வகை. பொம்மைக்கும் பூவுக்கும் அலங்காரத்துக்கும் நல்லது. குசினிக்கு ஆகாது: சூடான சட்டியில் பட்டால் இளகும், நெருப்பில் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். தண்ணீரையும் உறிஞ்சாது, அதனால் மேசை துடைக்கும் துணிக்கும் சரிவராது.

பிடிதுணிக்குப் பருத்தி நூலே வேண்டும். 18 சென்ரிமீற்றர் சதுரம் இரண்டு பின்னி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சுற்றிவரத் தையுங்கள். ஒற்றைத் துணி போதாது. உயரமான தையலில் பின்னினால் இடையில் ஓட்டை விழும், ஆவி அதற்குள்ளால் வந்து விரலைச் சுடும். ஆகவே கட்டையான, நெருக்கமான தையல். பிடிதுணி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஈரமாக இருக்கும்போது பிடிக்கக்கூடாது. ஈரம் சூட்டை நேரே கைக்குக் கடத்தும்.

பருத்தி நூலிலும் இரண்டு சாதி உண்டு. மினுக்கமாக, வழவழப்பாக இருக்கும் மெர்சரைஸ் செய்த நூல் ரேந்தை விரிப்புக்கு வடிவு, ஆனால் தண்ணீர் உறிஞ்சுவது குறைவு. பாத்திரம் துடைக்கும் துணிக்கு மினுக்கம் இல்லாத சாதாரணப் பருத்தியைக் கேளுங்கள். ரேந்தை நூலின் இலக்கத்தையும் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். 10ஆம் இலக்கம் தடிப்பு, 20 மெல்லியது, 40 அதைவிட மெல்லியது. 10ஆம் இலக்க நூலுக்கு 1.5 அல்லது 1.75 மில்லிமீற்றர் கொக்கி ஊசி, 20க்கு 1.25, 40க்கு 1 மில்லிமீற்றர் என்று தொடங்கி, கையின் இறுக்கத்தைப் பார்த்து மாற்றலாம்.

குழந்தைப் பரிசில் விடும் பிழை வேறு. பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குக் கொண்டுபோகக் கம்பளித் தொப்பியும் காலுறையும் பின்னுவது வழக்கமாகிவிட்டது. சித்திரை வெக்கையில் அந்தத் தொப்பியைப் பிள்ளைக்குப் போட எந்தத் தாய்க்கும் மனம் வராது, அலுமாரிக்குள்தான் போகும். இங்கே இருக்கும் பிள்ளைக்கு மெல்லிய பருத்தி நூல். ரொறொன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதென்றால் கம்பளி பொருந்தும், ஆனால் அங்கே எல்லாம் இயந்திரத்தில் கழுவுவார்கள். சாதாரணக் கம்பளி சூட்டுத் தண்ணீரிலும் உரசலிலும் சுருங்கித் தடித்துப்போகும். பந்தின் உறையில் 'சூப்பர்வொஷ்' (இயந்திரத்தில் கழுவலாம்) என்று போட்ட கம்பளி, அல்லது அக்றிலிக் அனுப்புங்கள். எந்த நூலானாலும் ஓட்டை ஓட்டையான பூ வேலையைக் காலுறையில் வைக்கவேண்டாம். பிள்ளையின் விரல் அதற்குள் மாட்டும். உட்பக்கம் நீளமாக ஓடும் நூலும் அப்படித்தான்.

கடைசியாக நிறம். உறையில் நிற இலக்கத்துக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி இலக்கம் ஒன்று இருக்கும். இரண்டு பந்து ஒரே நிற இலக்கமாக இருந்தும் தொகுதி இலக்கம் வேறென்றால், பின்னி முடித்த பிறகு நடுவில் கோடு போட்டது மாதிரித் தெரியும். உறை இல்லாமல் விற்கும் நூலென்றால் தேவைக்கு ஒரு பந்து கூடவே ஒரே நாளில் வாங்கிவிடுவது புத்தி. சிவப்பு, கறுப்பு, கடும் நீலப் பருத்தியை வெள்ளையோடு சேர்க்கமுதல், ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் பிடித்தால் அந்த இரண்டையும் சேர்க்கவேண்டாம்.

ஒரே பெயர், இரண்டு தையல்

எங்களுடைய பழைய பின்னல் புத்தகங்கள் பெரும்பாலும் பிரித்தானிய முறை. யூரியூப்பில் வருவது பெரும்பாலும் அமெரிக்க முறை. இரண்டையும் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'டபிள் குறோசே' ஒன்றே போதும். பிரித்தானிய டபிள், அமெரிக்காவில் சிங்கிள். ஒரு சங்கிலி (நூலைக் கொக்கியால் இழுத்துப் போடும் ஒற்றை வளையம்) உயரமுள்ள கட்டைத் தையல். அமெரிக்க டபிள், பிரித்தானியாவில் ட்றெபிள். மூன்று சங்கிலி உயரம். கட்டைத் தையலில் வரவேண்டிய பிடிதுணியை ட்றெபிளில் பின்னினால் மீன் வலை மாதிரி வரும்.

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. 'சிங்கிள் குறோசே' என்ற சொல் வந்தால் அது அமெரிக்கச் செய்முறை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் இல்லாவிட்டால் வரி திருப்பும் இடத்தைப் பாருங்கள். டபிளுக்கு மூன்று சங்கிலி போடச் சொன்னால் அமெரிக்கம், ஒரு சங்கிலி என்றால் பிரித்தானியம். இந்தக் கட்டுரையில் இனி வருவது பிரித்தானியப் பெயர்கள்.

கம்பளி பின்னும் ஊசியிலும் இதே தொல்லை. வீட்டில் இருக்கும் பழைய ஊசியில் 8 என்று இருந்தால் அது 4 மில்லிமீற்றர். அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீற்றர். பழைய முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும்: 10ஆம் இலக்கம் 3.25 மில்லிமீற்றர். அமெரிக்க 10 என்பதோ 6 மில்லிமீற்றர்! இலக்கத்தை மறந்து மில்லிமீற்றரை மட்டும் பாருங்கள். ஊசியில் அது எழுதியிராவிட்டால் ஓட்டைகள் உள்ள ஊசி அளவுகோல் ஒன்று வாங்கிவைத்தால் காலத்துக்கும் உதவும்.

தொப்பி பெருத்துப்போவதன் கணக்கு இதுதான். பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர். தொப்பி நீண்டுகொடுக்கும் என்பதால் 33 போதும். 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணி வரும் கையென்றால் 66 கண்ணி போடவேண்டும். ஊசி பெருத்து 10 சென்ரிமீற்றருக்கு 16 கண்ணியாகிவிட்டால் அதே 66 கண்ணி 41 சென்ரிமீற்றர் வரும். கிளாஸ் விரிப்புக்கு மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது வீண் வேலை, முதல் மூன்று சுற்றே மாதிரிதான். தொப்பிக்கும் காலுறைக்கும் கட்டாயம். 13 சென்ரிமீற்றர் சதுரம் பின்னி, கழுவிக் காயவைத்து, நடுவில் 10 சென்ரிமீற்றருக்குள் வரும் கண்ணியை எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணினால் கணக்குப் பிழைக்கும், ஓரக் கண்ணி எப்போதும் இழுபட்டிருக்கும்.

குழியும் வட்டம், நெளியும் வட்டம்

டபிளில் பின்னும் வட்டம் 6 தையலில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூடவேண்டும்: 6, 12, 18, 24, 30. ட்றெபிள் உயரமானது, அதனால் 12இல் தொடங்கிச் சுற்றுக்கு 12: 12, 24, 36, 48. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமுள்ள ஹாஃப் ட்றெபிளுக்கு 8 சரிவரும். விளிம்பு மேலே எழும்பிக் குழிந்தால் கூட்டியது போதவில்லை, அல்லது கை இறுக்கம். விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்தால் கூடக் கூட்டிவிட்டீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிந்தால் ஊசியை அரை மில்லிமீற்றர் பெருப்பியுங்கள். எட்டாவது சுற்றுவரை போய் 'கழுவி இழுத்தால் சரிவரும்' என்று நம்பவேண்டாம். சாதுவான நெளிவு படியும், கிண்ணம் படியாது. மூன்றாவது சுற்றிலேயே மேசையில் வைத்துப் பாருங்கள். பிழைத்திருந்தால் கழற்றிவிடுவது ஐந்து நிமிட வேலை.

எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தும் வட்டம் அறுகோணமாக வருவது அடுத்த முறைப்பாடு. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டும் தையல் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதுதான் காரணம். டபிளில் நான்காவது சுற்றை எடுத்துக்கொண்டால், வழக்கமாக 'இரண்டு சாதா, ஒரு கூட்டல்' என்று ஆறு தடவை வரும் (கூட்டல் என்றால் ஒரே இடத்தில் இரண்டு தையல் குத்துவது). அதை 'ஒரு சாதா, ஒரு கூட்டல்' என்று தொடங்கி, பிறகு 'இரண்டு சாதா, ஒரு கூட்டல்' ஐந்து தடவை போய், மிச்சம் ஒரு சாதாவோடு முடியுங்கள். அதே 24தான், மூலை மட்டும் கலைந்துவிடும். ஒன்றுவிட்ட சுற்றில் இப்படிச் செய்தால் போதும்.

நிற்காமல் சுழன்று போகும் வட்டத்தில் சுற்றின் முதல் தையலுக்கு அடையாளம் வையுங்கள். ஊக்குக் குத்துகிறவர்கள் அது துருப்பிடிப்பதை மறக்கக்கூடாது. வேறு நிற நூல் துண்டு ஒன்று எல்லாவற்றிலும் நல்லது.

சதுரமும் நீளத் துண்டும் பின்னும்போது ஓரம் உள்ளே உள்ளே போய்க் கோயில் கோபுரம் மாதிரிக் கூம்புவது, ட்றெபிள் வரியின் கடைசித் தையலை விடுவதால். முந்திய வரியின் தொடக்கத்தில் போட்ட மூன்று சங்கிலியும் ஒரு தையல்தான். வரி முடியும்போது அதன் உச்சியில் ஒரு ட்றெபிள் போட்டே திரும்பவேண்டும். 20 ட்றெபிள் வேண்டுமென்றால் 22 சங்கிலி போட்டு, ஊசியில் இருந்து நான்காவது சங்கிலியில் முதல் ட்றெபிளைக் குத்துங்கள். 20 டபிளுக்கு 21 சங்கிலி, இரண்டாவதில் குத்தவேண்டும். அடிச் சங்கிலி இறுகி அடிப்பக்கம் சுருங்கினால் சங்கிலிக்கு மட்டும் அரை மில்லிமீற்றர் பெரிய ஊசி.

கம்பளிப் பின்னலில் சுருளும் ஓரத்துக்குப் பின்னுகிறவரைக் குறை சொல்லமுடியாது. ஒரு வரி நேர், ஒரு வரி மறுபுறம் என்று போகும் பின்னலின் குணமே சுருளுவது. விளிம்பில் நாலு பக்கமும் நான்கு கண்ணி அகலத்துக்கு எல்லா வரியும் நேராகவே பின்னினால் அடங்கும்.

பொம்மையும் மணி மூடியும்

பொம்மைக்கு உறையில் சொன்னதைவிட ஒரு அளவு சின்ன ஊசி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு வெளியே தெரியும். தலையணையில் மிஞ்சின இலவம் பஞ்சை அடைப்பது இங்கே வழக்கம். அதன் மயிர் கண்ணிக்குள்ளால் வெளியே வரும், கழுவினால் கட்டிகட்டியாகும். பொலியெஸ்ரர் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து அடையுங்கள். கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைத்துச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது, பிய்ந்தால் தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலால் தைத்த கண்ணே போதும், பார்க்கவும் வடிவு.

தண்ணீர்ச் செம்புக்கும் பால் குவளைக்கும் மணி கோத்த மூடி நல்ல பரிசு. 10ஆம் இலக்க நூலில் ட்றெபிளாக 12 சுற்றுப் பின்னினால் 144 தையல், ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் அகலம். ஆறு தையலுக்கு ஒரு மணி என்றால் 24 மணி. பலர் மணியை முதலிலேயே கோத்து 12 சுற்றும் தள்ளித் தள்ளிப் பின்னி நூலைத் தேய்க்கிறார்கள். தேவையில்லை. மணி வரும் விளிம்புச் சுற்றுக்கு மட்டும் நூலை வெட்டி, 26 மணி கோத்து, திரும்பத் தொடுத்தால் சரி. இரண்டு மணி உடைந்தாலும் பயமில்லை. கண்ணாடி மணியாக எடுங்கள். பிளாஸ்ரிக் மணி பாரம் இல்லாததால் மின்விசிறிக் காற்றுக்கே மூடி பறக்கும்.

நுனி நூலை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவது எல்லாச் சாமானிலும் நடக்கிறது. இரண்டாவது கழுவலில் முடிச்சு அவிழும். 15 சென்ரிமீற்றர் விட்டு, ஊசியால் ஒரு பக்கம் ஓட்டி, திருப்பி, மறுபடியும் ஓட்டுங்கள். மினுக்கப் பருத்திக்கு மூன்று தடவை.

கிணற்றுத் தண்ணீரும் கஞ்சியும்

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, தண்ணீர் கடினம். அதில் சவர்க்காரக் கட்டி போட்டுத் தோய்த்தால் நுரைக்கு முன்னம் வெள்ளை அழுக்குத்தான் திரளும். அது நூலுக்குள் இறங்க, வெள்ளை விரிப்பு நாளடைவில் சாம்பல் நிறமாகும். பழி நூலின்மேல் விழும். சலவைத் திரவமோ ஷாம்புவோ பாவித்து, கடைசி அலசலை மழைத் தண்ணீரில் செய்யலாம். அது இல்லாவிட்டால் அரை வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. வெளுப்பதற்குக் குளோரின் திரவம் ஊற்றினால் பருத்தி பலமிழக்கும், கம்பளி மஞ்சளாகி நைந்துபோகும். நிற நூலை நிழலிலும் வெள்ளையை வெயிலிலும் காயவையுங்கள்.

அக்றிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் அது தளர்ந்து படுத்துவிடும், திரும்ப எழும்பாது. பருத்தி விரிப்பை நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைக்கலாம். சாதாரணக் குண்டூசி இந்தக் கடற்காற்றில் ஒரே இரவில் துருப்புள்ளி வைக்கும், துருப்பிடிக்காத உருக்கு ஊசி வேண்டும்.

கஞ்சி போட்ட விரிப்பை அலுமாரியில் அடுக்கி வைத்தால் கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் சாப்பாடு. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பூஞ்சணமும் பிடிக்கும். கஞ்சி இல்லாமல் வைத்து, விரிக்கும் அன்று போடுங்கள்: ஒரு மேசைக்கரண்டி சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கப் தண்ணீரில் தெளியும்வரை காய்ச்சினால் இரண்டு விரிப்புக்குக் காணும். குத்துவிளக்கின் கீழே விரிப்பதென்றால் இடையில் ஒரு பித்தளைத் தட்டு இருக்கட்டும். திரியும் பருத்தி, விரிப்பும் பருத்தி. சிந்தின எண்ணெயை இரண்டும் ஒரே மாதிரித்தான் இழுக்கும்.

பரிசாகக் கொடுக்கும்போது நன்றாகக் காய்ந்த பிறகே சுற்றுங்கள். பத்திரிகைத் தாளின் மை வெள்ளை நூலில் ஏறும், பிளாஸ்ரிக் பைக்குள் ஈரம் தங்கும். வெள்ளைத் தாளில் சுற்றி, என்ன நூல், எப்படிக் கழுவுவது என்று இரண்டு வரி எழுதி, அதே நூலில் ஒரு மீற்றரையும் மடித்து உள்ளே வையுங்கள். ஒரு கண்ணி அறுந்தால் அவர்களே தைத்துக்கொள்வார்கள்.