கால்சியம் வாங்கும் முன் காபி நேரத்தைப் பாருங்கள்

எலும்பு பலத்துக்கென்று நீங்களாகவே கால்சியம் மாத்திரை வாங்குவதற்கு முன், மாலை காபி, டீயை நிறுத்தி, 7 மணி நேரத் தூக்கம் கிடைக்கும்படி படுக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். செலவில்லை, காபித்தூளும் மிச்சம்.

எலும்பு ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் புதிதாகக் கட்டப்படுகிறது. தூக்கம் கெட்டால் அடிபடுவது கட்டும் வேலை என்று தெரிகிறது: 2017-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், சில ஆண்களை 3 வாரம் குறைவாகவும் நேரம் மாற்றி மாற்றியும் தூங்கவைத்தபோது, எலும்பு உருவாவதைக் காட்டும் ரத்தக் குறியீடு இறங்கியது, கரைவதைக் காட்டும் குறியீடு அப்படியே இருந்தது. மாதவிடாய் நின்ற சுமார் 11,000 பெண்களைப் பார்த்த 2019 ஆய்விலும், 5 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவு. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு வயது கூடியதற்குச் சமம், அலற வேண்டியதில்லை. மாலைக் காபியை ஏன் விட வேண்டும் என்றால், காபி, டீயில் தூக்கத்தை விரட்டும் காஃபீன் இருக்கிறது; அதில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த கால்சியம், வைட்டமின் டி, எலும்புப்புரை மருந்துகளை இதை நம்பி நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இது மட்டும் போதாது. பலத்த குறட்டையோடு மூச்சு அடைத்து விழிப்பவர்கள் காபியைக் குறை சொல்லிப் பயனில்லை, டாக்டரிடம்தான் போக வேண்டும். இரவு ஷிப்டுக்காரர்கள் ‘மாலை’ என்பதைத் தாங்கள் படுப்பதற்கு முந்தைய 6 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.