பார்க்கில பேர்த்டே வைக்கப்போறியளோ? முதல் நிழலைப் பிடியுங்கோ

போன ஜூலை மகளுக்கு ஆறு வயசு. ஹோல் எடுப்பமெண்டு விசாரிச்சனாங்கள், அவை சொன்ன காசைக் கேட்டிட்டு இவர் போனைக் கீழ வைச்சவர்தான், அதுக்குப் பிறகு ஹோல் எண்ட கதையே எடுக்கேல்லை. வீட்டில வைப்பமெண்டா பதினைஞ்சு பிள்ளையளை உள்ளுக்க விட்டால் ரீவி மிஞ்சாது. கடைசியா பார்க் எண்டு முடிவாச்சு. நல்லாத்தான் நடந்தது, ஆனா செய்த பிழையளும் கொஞ்சநஞ்சமில்லை, அதால நீங்களும் பார்க்கில வைக்கிற எண்ணமெண்டா பலூன், டெக்கரேசன், கேக்கில என்ன கார்ட்டூன் எண்டதையெல்லாம் பிறகு யோசியுங்கோ, முதல் நேரமும் நிழலும்.

யாழ்ப்பாணத்தில எந்த மாசமெண்டதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒக்ரோபரில தொடங்கி டிசம்பர் வரைக்கும் மாரி, அந்த நேரம் பார்க்கை நம்பிச் சொந்தக்காரருக்குச் சொல்லிப்போட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது, கட்டாயம் மாற்று இடமொண்டு கையில இருக்கோணும். மே மாசம் வெக்கை, நாலரைக்கு முன்னம் பிள்ளையளை வெளியில இறக்காதேங்கோ. ஜூன், ஜூலையில தென்மேற்கிலயிருந்து அடிக்கிற சோளகக் காத்து, அதைப் பற்றி கேக் கதையில சொல்லுறன். தைப்பொங்கல் முடிஞ்சு மார்ச் வரைக்கும்தான் நல்ல காலம். பிறந்தநாளை மாத்தேலாதுதான், பாட்டி (பார்ட்டி) வைக்கிற நாளை மாத்தலாம். அண்டைக்கு விடிய கோயிலில அர்ச்சனை செய்து வீட்டில பாயசம் குடுத்தாச் சரி, பாட்டி வாற சனிக்கிழமை. ஞாயிறு காலமை அறநெறி வகுப்பு, பிறகு ரியூசன், ஆறு வயசுப் பிள்ளைக்கும் இப்ப ரியூசன்தானே, என்னத்தைச் சொல்ல. பிள்ளையள் வருவினமோ இல்லையோ எண்டு தாய்மாரை முதலே கேட்டு வைச்சிடுங்கோ.

நேரம் பின்னேரம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில. ஜூனில ஆறரை வரைக்கும் வெளிச்சம் நிக்கும், டிசம்பரில ஆறுக்கு முன்னமே இருண்டிடும். ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இழுக்காதேங்கோ, அதுக்குப் பிறகு பிள்ளையள் விளையாடுறேல்ல, சண்டை பிடிக்குங்கள்.

இடத்துக்கு வருவம். டவுனுக்க நூலகத்துக்குக் கிட்ட சுப்பிரமணியம் பூங்கா இருக்கு, ஊஞ்சல் சறுக்கீஸ் எல்லாம் இருக்கிறபடியா சின்னப் பிள்ளையளுக்குத் தோது. கச்சேரிப்பக்கம் (மாவட்டச் செயலகம்) பழைய பூங்காவில பெரிய மரங்கள், நிழலுக்குக் குறையில்லை. நல்லூர்ப்பக்கம் சங்கிலியன் பூங்கா, ஆனா நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாளும் அந்தப்பக்கம் யோசிக்கவே வேண்டாம், ரோட்டு மூடிக் கிடக்கும், சனத்துக்குள்ளால கேக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கேலாது. எந்தப் பார்க்கெண்டாலும் அதுக்குப் பொறுப்பான மாநகரசபையோ பிரதேச சபையோ, அங்க நேர போய்க் கேளுங்கோ: கதிரை போடலாமோ, பாட்டுப் போடலாமோ, மரத்தில கயிறு கட்டலாமோ, எத்தினை மணிக்குப் பூட்டுவினம். கடிதம் தரச் சொன்னால் குடுத்து, ஒரு பிரதியைக் கையில வைச்சுக்கொள்ளுங்கோ. வாசலில நிக்கிறவருக்கு நீங்கள் ஒபிசில ஆரோட கதைச்சனியள் எண்டு தெரியாது.

ஒரு கிழமைக்கு முன்னம், அதே நேரத்தில ஒருக்காப் போய்ப் பாருங்கோ. அதே நேரமெண்டதுதான் முக்கியம். நான் காலமை பத்து மணிக்குப் போய் நல்ல நிழலெண்டு ஒரு மரத்தடியைப் பாத்து வைச்சிட்டு வந்தன், பாட்டியண்டு நாலு மணிக்கு அந்த நிழல் மரத்துக்கு மற்றப்பக்கம் போயிட்டுது, கதிரையெல்லாம் தூக்கிக்கொண்டு திரிஞ்சம். நிமிந்து மரத்தையும் பாருங்கோ. மாமரத்தில இலையளைச் சேர்த்து ஒட்டினமாதிரிப் பந்துபந்தாத் தெரிஞ்சால் அது முசுறு எறும்பு, கீழ இருந்தியளெண்டா கழுத்துக்குள்ள விழும். புல்லில வெறுங்காலோட வேண்டாம், கையை வைச்சுத் தடவிப் பாருங்கோ, நெருஞ்சி முள் கிடந்தால் பிள்ளையும் அழும், பலூனும் வெடிக்கும். படங்கு ஒண்டைக் கீழ விரிச்சு மேல பாய் போட்டியளெண்டா ரெண்டுக்கும் பயமில்லை. ரொய்லற் இருக்கோ, திறந்திருக்கோ எண்டதையும் அண்டைக்கே பாத்திடுங்கோ.

ஆக்களைச் சொல்லுறதில கொஞ்சம் கல்நெஞ்சு வேணும். ஒரு பெரியம்மாவுக்குச் சொன்னா மற்றப் பெரியம்மா கோவிப்பா, பிறகு அது குட்டிக் கலியாணமாப் போயிடும். நாங்கள் “பிள்ளையளுக்கு மட்டும்தான், விளையாட்டுப் பாட்டி” எண்டு சொல்லிப்போட்டம், அப்பிடியும் பத்துப் பெரியாக்கள் வந்தவை, அது கணக்கில இருக்கோணும். அம்மம்மா அப்பப்பாவைக்குப் பாயில இருக்கேலாது, நாலைஞ்சு பிளாஸ்ரிக் கதிரை வாடைக்கு எடுத்து லான்ட்மாஸ்ரரிலயோ ஓட்டோவிலயோ ஏத்திவிடுங்கோ.

சாப்பாடு கையால எடுத்துச் சாப்பிடுறதா மட்டும் இருக்கட்டும். சோறு, நூடில்ஸ், கறி ஒண்டும் வேண்டாம். ரோல்ஸ், பற்றீஸ், சின்னச் சான்ட்விச், கடலை, பருத்தித்துறை வடை, இவ்வளவும் போதும். ஒரு ஆளுக்கு ரெண்டு சோட்டீற்ஸ் எண்டு கணக்குப் போட்டு அதுக்கு மேல பத்து கூட எடுங்கோ. வெள்ளிக்கிழமையெண்டாலோ திருவிழாக் காலமெண்டாலோ முழுக்க மரக்கறியே செய்யுங்கோ, மற்ற நாளில மீன் ரோல்ஸை வேற பெட்டியில வைச்சு மேல எழுதி ஒட்டிவிடுங்கோ, ரெண்டும் ஒரே நிறத்தில இருக்கிறபடியா சைவக்காரப் பிள்ளை மாறி எடுத்திடும். மயோனைஸ் போட்ட சாமானை வெயிலில வைக்காதேங்கோ. குடிக்கத் தண்ணி 20 லீற்றர் கான், கைகழுவ வேறயா ஒரு கான், அங்க குழாயை நம்பிப் போகாதேங்கோ. பிளாஸ்ரிக் கோப்பை, பிளேற், ஸ்ரோ எல்லாம் 2023 ஒக்ரோபரோட நாட்டில தடை, கடதாசிப் பிளேற் வாங்கலாம், நாங்கள் வாழையிலையைச் சின்னனா வெட்டிக் கொண்டுபோனாங்கள், கழுவிற வேலையுமில்லை. ஒரு ஆளைக் காகத்துக்குக் காவல் விடுங்கோ. பகிடியில்லை, எங்கட பற்றீஸில மூண்டைத் தூக்கிக்கொண்டு போயிட்டுது.

கேக் பட்டர் கேக்தான், மேல கிறீம் குவிச்சு வைச்ச கேக் வேண்டாம், டவுனுக்குள்ளால ஓட்டோவில போய்ச் சேரேக்க சரிஞ்சிடும். மடியில வைச்சுக்கொண்டு போறதிலும் பாக்கக் கால்மாட்டில தட்டையா வைச்சால் ஆடாது. கேக் வெட்டுற நேரத்தில ஒரு சிக்கல் இருக்கு: வீடியோ கோல். இஞ்ச பின்னேரம் ஐஞ்செண்டா ரொறன்ரோவில கோடையில காலமை ஏழரை, குளிர்காலத்தில ஆறரை, சித்திமார் எழும்பி முகம் கழுவி வரோணுமே. அதால நேரத்தை முதலே சொல்லி அதிலயே நில்லுங்கோ, ஆரும் பிந்தினா பிந்தட்டும், பிள்ளையளைக் கேக்குக்கு முன்னால காய விடாதேங்கோ.

இனிச் சோளகம். ஆறு மெழுகுதிரி, ஒண்டைக் கொளுத்த மற்றது நூரும். இவர் தென்மேற்குப்பக்கம் நிண்டு சேட்டை விரிச்சுப் பிடிக்கிறார், மச்சாள் குடையைப் பிடிக்கிறா, சனம் மூண்டாந்தரமும் “ஹப்பி பேர்த்டே” தொடங்குது, மகள் பொறுமையில்லாமல் எரியாத திரியையே ஊதிப்போட்டாள். பிறகு ஒரு பெடியன்தான் வழி சொன்னவன்: கேக் பெட்டியின்ர மூடியைக் கழட்டிப்போட்டு முன்பக்கத்தை மட்டும் வெட்டி விரிச்சு, கேக்கைப் பெட்டிக்குள்ளயே விட்டுக் கொளுத்துறது. மூண்டு பக்கமும் மறைப்பு, திரி நிண்டெரிஞ்சுது. லைற்றர் ரெண்டு கொண்டுபோங்கோ, நெருப்புப்பெட்டி சரிவராது.

விளையாட்டுக்குக் காசு செலவழிக்காதேங்கோ. சித்திரை வருசத்துக்கு வைக்கிறதுதான்: யானைக்குக் கண் வைக்கிறது, தேசிக்காயும் கரண்டியும், சாக்கோட்டம், கயிற்றில தூக்கின பணிஸ் சாப்பிடுறது, சங்கீதக் கதிரை. யானையை ஒரு பழைய பிறிஸ்டல் போட்டில மூத்த பிள்ளையைக் கொண்டு கீறுவியுங்கோ. பணிஸ்தான் எங்களுக்குப் பெரிய பம்பல், ஆனா பிள்ளையின்ர வாய் உயரத்துக்குக் கட்டோணும், நாங்கள் எங்கட உயரத்துக்குக் கட்டிப்போட்டு அவசரத்தில அவிட்டுக்கொண்டு நிண்டம். வெண்டவைக்கு மட்டும் பரிசெண்டா மற்றதுகள் அழும், எல்லாருக்கும் ஒரு பென்சிலும் ரொபியும்.

பொழுதுபடேக்க நுளம்பு வரும், டெங்கு நுளம்பு விடியவும் பின்னேரமும்தான் கூடக் கடிக்கிறது, அதால நீளக் காற்சட்டை போட்டுவரச் சொல்லுங்கோ, பூசுற கிறீம் ஒண்டும் பையில இருக்கட்டும். ரெண்டு உரப்பை கொண்டுபோங்கோ, ஒண்டு இலை, சாப்பாட்டு மிச்சத்துக்கு, மற்றது பலூன் துண்டு, ரொபி பேப்பருக்கு, பிள்ளையளை வைச்சே பொறுக்குவியுங்கோ, அதுவும் ஒரு போட்டிதான். வெளிக்கிட முன்னம் கத்தி, லைற்றர், பாய், செருப்பு எல்லாத்தையும் எண்ணுங்கோ. கேக் வெட்டின கத்தி அக்கான்ர, எங்க போச்செண்டு இண்டைக்கும் தெரியாது, இந்த வருசப் பாட்டிக்குக் கூப்பிட்ட உடன அவ கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.