ஒசாகாவில் பழைய வீடியோ கேம்களைத் தேடிச் செல்வோருக்கு

பழைய வீடியோ கேம்களை நேசிப்பவர்கள் ஜப்பானுக்குப் புறப்படும்போது பெரும்பாலும் டோக்கியோவின் மின்னணுக் கடைப் பகுதியான அகிஹபாராவையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நகரத்தைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்றால், நான் ஒசாகாவைத்தான் சொல்வேன். ஜூக்பாக்ஸ்களை வாடகைக்கு விட்டும் பழுதுபார்த்தும் 1969இல் தொழில் தொடங்கிய கொனாமியும், 1978இல் பிறந்த எஸ்.என்.கே.யும், 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டை வெளியிட்ட கேப்காமும் ஒசாகா மண்ணில் வளர்ந்த வீடியோ கேம் நிறுவனங்கள். நின்டெண்டோவின் ஊரான கியோட்டோவோ விரைவு ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. கேசட்டுகளை வாங்குவதும், அவை பிறந்த தெருக்களில் நடப்பதும், அந்த விளையாட்டுகளைப் பழைய விளையாட்டுக் கூடங்களில் ஆடுவதும் ஒரே பயணத்தில் கைகூடும் ஊர் இது.

தொடங்க வேண்டிய இடம் நிப்பொன்பாஷிப் பகுதியிலுள்ள டென் டென் டவுன் என்ற கடைத்தெரு. சகாய்சுஜி மெட்ரோ வழித்தடத்தில் எபிசுசோ நிலையத்தில் இறங்கி வடக்கு நோக்கி நடந்தால், நம்பா வரை கடைகள் தொடர்ந்து வரும். போருக்கு முன் பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த இத்தெருவில், போருக்குப் பின் வானொலி உதிரிபாகங்களும் அதன்பின் வீட்டு மின்சாதனங்களும் விற்கப்பட்டன. வீடியோ கேம்கள் அந்த வணிகத்தின் தொடர்ச்சியாகவே இங்கு வந்து சேர்ந்தன. முதன்மைச் சாலைக்கு மேற்கே இணையாகச் செல்லும் ஓட்டா ரோடு என்ற சிறிய தெருவையும், மாடிப்படி ஏறிச் செல்ல வேண்டிய கடைகளையும் விட்டுவிடாதீர்கள். பல கடைகள் காலை 11 மணிக்குத்தான் திறக்கின்றன. ஆகவே விடியற்காலையில் கிளம்பிப் போவதில் பயனில்லை.

முதல் நாளில் எதையும் வாங்க வேண்டாம் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் அறிவுரை. ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் சென்று, விரும்பும் விளையாட்டின் பெயர், கடை, அதன் நிலை, விலை ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டே நடந்து வாருங்கள். ஐந்து நிமிட நடைத் தொலைவிலுள்ள இரண்டு கடைகளில் ஒரே கேசட்டின் விலை கணிசமாக வேறுபடுவது இங்கே இயல்பு. சூப்பர் பொட்டேட்டோ போன்ற புகழ்பெற்ற கடையை அதன் அலமாரிகளின் அழகுக்காகவே பார்க்க வேண்டும். ஆனால் விலையை முடிவு செய்யும் முன் புக் ஆஃப், சுருகாயா போன்ற பழைய பொருள் சங்கிலிக் கடைகளிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிற நாடுகளில் அரிதாகத் தோன்றும் பல விளையாட்டுகள் ஜப்பானில் லட்சக்கணக்கில் விற்றவை என்பதால், முதலில் கண்ணில் பட்டதை விட்டுவிட்டோமே என்று பதற வேண்டியதில்லை.

விலைச்சீட்டில் விலையோடு பொருளின் நிலையையும் எழுதியிருப்பார்கள். ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் நான்கைந்து சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ‘ஹகோசெட்சு ட்சுகி’ என்றால் பெட்டியும் விளக்கக் கையேடும் உண்டு என்று பொருள். ‘சொஃப்தோ நோமி’ என்றால் கேசட் மட்டுமே. ‘தோசா ககுனின் சுமி’ என்பது கடைக்காரர் இயக்கிப் பார்த்துவிட்டார் என்பதற்கான உறுதி. ‘யகே’ என்றால் வெயிலிலோ காலத்தாலோ பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கிறது. ‘ஜங்கு’ என்று எழுதிய கூடைகளில் உள்ளவை வேலை செய்யுமா என்பதற்கு எந்தப் பொறுப்பும் இல்லாமல் விற்கப்படுபவை. அவற்றைத் திருப்பித் தர முடியாது. இச்சொற்களின் ஜப்பானிய எழுத்து வடிவத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டால் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியும் உதவும். இன்னொரு மகிழ்ச்சியான செய்தி: நாம் கேசட் என்று சொல்வதைப் போலவே அவர்களும் ‘கசெட்டோ’ என்றுதான் சொல்கிறார்கள்.

கேசட்டைக் கையில் வாங்கியதும் அடிப்பகுதியிலுள்ள உலோகத் தொடுமுனைகளைப் பாருங்கள். இலேசான கறை துடைத்தால் போய்விடும்; பச்சையாகப் பூத்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். விளையாட்டின் நிலையைச் சேமிக்கும் கேசட்டுகளுக்குள் சிறிய பொத்தான் மின்கலம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். 1988இல் வந்த டிராகன் குவெஸ்ட் 3 அவ்வகையைச் சேர்ந்தது. அந்த மின்கலம் இத்தனை ஆண்டுகளில் தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அதை மாற்றியிருக்கிறார்களா என்று கேட்பது அவசியம். சில கேசட்டுகளின் பின்புறத்தில் ஏதோ ஒரு குழந்தை மையால் தன் பெயரை எழுதி வைத்திருக்கும். சேகரிப்பாளர்கள் அதைக் குறையாகக் கருதுவதால் விலை குறையும். எனக்கோ அவைதான் மிகவும் பிடித்தவை. ஒரு வீட்டில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அது ஆடப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

எது உங்கள் விளையாட்டுக் கருவியில் ஓடும் என்பதைப் புறப்படும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளிவந்த, நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியான ஃபேமிகாமின் கேசட்டுக்கு 60 தொடுமுனைகள். அதன் வெளிநாட்டு வடிவமான என்.இ.எஸ். கருவியின் கேசட்டுக்கு 72. ஆகவே இணைப்பான் இல்லாமல் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. சூப்பர் ஃபேமிகாம், நின்டெண்டோ 64, முதல் பிளேஸ்டேஷன் ஆகியவற்றிலும் நாட்டுக்கு நாடு தடைகள் உண்டு. கையடக்கக் கருவிகளான கேம் பாயிலும் கேம் பாய் அட்வான்ஸிலும் அத்தகைய தடை இல்லை. எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். முதன்முறை செல்பவர்கள் கேம் பாய் கேசட்டுகளிலிருந்து தொடங்குவது அதனால்தான் நல்லது. மொழி தெரியாதவர்களுக்குச் சுடும் விளையாட்டுகளும் தாவி ஓடும் விளையாட்டுகளும் பொருந்தும். உரையாடல் நிறைந்த கதை விளையாட்டுகளை முழுமையாக அனுபவிக்க முடியாது.

கருவியையே வாங்க நினைத்தால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். 230 வோல்ட் உள்ள நாட்டில் அந்தப் பழைய அடாப்டரை நேரடியாகச் செருகினால் அது எரிந்துபோகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி கட்டாயம் தேவை. அடுத்து, முதல் ஃபேமிகாம் தொலைக்காட்சியின் ஆன்டெனா இணைப்பு வழியாக மட்டுமே படத்தை அனுப்பும். இக்காலத் தொலைக்காட்சியில் அதைத் தெளிவாகக் காண்பது கடினம் என்பதால், 1993இல் வந்த, ஏ.வி. இணைப்புள்ள புதிய வடிவத்தைத் தேடுங்கள். ஃபேமிகாமுடன் இணைத்து வட்டுகளில் வரும் விளையாட்டுகளை ஆட உதவும், 1986இல் வந்த டிஸ்க் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் இரப்பர் பட்டை காலப்போக்கில் இளகிவிடுவதால், பட்டை மாற்றப்பட்டதை மட்டுமே வாங்க வேண்டும்.

கடைத்தெருவிலிருந்து தெற்கே நடந்துபோகும் தொலைவில் சுதென்காகு கோபுரம் நிற்கும் ஷின்செகாய் இருக்கிறது. இங்குள்ள கசுகா கொரகுஜோ போன்ற பழைய விளையாட்டுக் கூடங்களுக்கு ஒரு மாலைப் பொழுதையாவது ஒதுக்குங்கள். வீட்டுக்கு எடுத்துவர முடியாத அனுபவம் இது. சண்டை விளையாட்டு இயந்திரங்கள் பல இடங்களில் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் காசு போட்டால், முகம் தெரியாத அவரைப் போட்டிக்கு அழைக்கிறீர்கள் என்று பொருள். அதில் தவறில்லை, அந்த இயந்திரங்கள் அதற்காகவே இருக்கின்றன. தனியாக ஆடிப் பழக விரும்பினால் ஒற்றையாக நிற்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். 100 யென் நாணயங்களை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் காத்திருந்தால் ஓர் ஆட்டத்தோடு எழுந்துவிடுங்கள், மற்றவர்களின் முகம் தெரியும்படி படம் எடுக்காதீர்கள். எஸ்.என்.கே. ரசிகர்கள் மிதோசுஜி வழித்தடத்தில் எசாகா வரை போய் வரலாம். அந்நிறுவனம் இயங்கிய அப்பகுதியின் பெயரையே தங்கள் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் சண்டை விளையாட்டுத் தொடரின் இசைத் துண்டுகளுக்குச் சூட்டினார்கள்; பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த இசையைக் காதில் கேட்டபடி அத்தெருவில் நடப்பது ஒரு நிறைவு.

கியோட்டோவுக்கு ஒரு நாள். கியோட்டோ நகருக்குத் தெற்கேயுள்ள ஊஜியில் 2024 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட நின்டெண்டோ அருங்காட்சியகம், அந்நிறுவனத்தின் பழைய தொழிற்சாலை இருந்த இடத்திலேயே அமைந்திருக்கிறது. கின்டெட்சு ரயிலில் ஒகுரா நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கலாம். நுழைவுச்சீட்டு குலுக்கல் முறையில், சில மாதங்களுக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டியது என்பதால், பயணத் தேதியை முடிவு செய்தவுடன் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். 1889இல் பூப்படங்கள் கொண்ட ஜப்பானிய விளையாட்டுச் சீட்டுகளைத் தயாரித்துத் தொடங்கிய நிறுவனம் என்பதையும் அங்கே காணலாம்.

வாங்கியவற்றைக் கொண்டுவரும்போது கேசட்டுகளையும் கருவிகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதப் பெட்டிகளைத் துணிகளுக்கு நடுவே தட்டையாக வைக்காமல், கடினமான டப்பாவுக்குள் நிறுத்தி வையுங்கள். கடவுச்சீட்டு எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். வரிவிலக்குத் தரும் ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென் அல்லது அதற்கு மேல் வாங்கினால் 10 சதவீத நுகர்வு வரியைத் தவிர்க்கலாம். 2026 நவம்பர் 1 முதல் வரியோடு முழு விலையையும் செலுத்திவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்கச் சோதனைக்குப் பிறகு அந்த வரியைத் திரும்பப் பெறும் முறை நடைமுறைக்கு வருகிறது. ஆகவே இரசீதுகளைப் பத்திரப்படுத்தி, வாங்கிய பொருள்களைச் சுங்க அதிகாரி கேட்டவுடன் எடுத்துக் காட்டும்படி பையின் மேற்பகுதியிலேயே வைத்திருங்கள்.