வீட்டு இன்குபேட்டரில் ஈரப்பதம்: மீட்டரை விடத் தராசை நம்புங்கள்

தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன ஃபேன், தெர்மோஸ்டாட் எல்லாம் பொருத்தி 37.5 டிகிரியில் நிலையாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். நாட்டுக்கோழி முட்டை பொரிக்க 21 நாள். இனி ஈரப்பதம் மட்டும்.

1. ஈரப்பத மீட்டரைச் சோதியுங்கள்

ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப் கவரில் இறுக்கி மூடி, ஓர் இரவு விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் 7 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள். இந்தச் சோதனை செய்த மலிவு மீட்டரே எனக்குப் போதும்.

2. முதல் 18 நாள்: 45 முதல் 55 சதவீதம்

கிண்ணம் நிறைய ஊற்றியும் ஈரப்பதம் ஏறவில்லையா? ஆழத்தால் பயனில்லை, தண்ணீரின் பரப்புதான் கணக்கு. அகலமான தட்டு வையுங்கள். போதாவிட்டால் அதில் ஸ்பாஞ்சை நிமிர்த்தி வையுங்கள். காற்றுத் துளையை அடைத்து மட்டும் ஏற்றாதீர்கள், கருவுக்கு மூச்சு வேண்டும்.

வெளிக் காற்றையும் பாருங்கள். மழைக்காலத்தில் 30 டிகிரி, 80 சதவீதம் உள்ள காற்று, பெட்டிக்குள் 37.5க்குச் சூடானதும் 52 சதவீதம் ஆகிவிடும். அப்போது தண்ணீரே வேண்டாம். பங்குனி வெயிலில் 32 டிகிரி, 35 சதவீதக் காற்று உள்ளே 26க்கு இறங்கிவிடும். அதனால் சென்னைக்காரர் சொன்ன அளவை ஈரோட்டில் அப்படியே பின்பற்ற முடியாது.

3. எடை போடுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். 18ஆம் நாளுக்குள் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முட்டை 12 சதவீதம் போல எடை குறைய வேண்டும். குறைந்த இடத்தில்தான் மொண்ணை முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு முதல் மூச்சை அங்கேதான் இழுக்கும். ஈரம் அதிகமானால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதி, ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

20 முட்டை 900 கிராம் என்றால் 7ஆம் நாள் சுமார் 858, 18ஆம் நாள் சுமார் 792. ஏழாம் நாளில் 875 இருந்தால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். 835க்கு இறங்கியிருந்தால் தட்டைப் பெரிதாக்குங்கள். மீட்டர் என்ன சொன்னாலும் சரி.

4. கடைசி மூன்று நாள்: 65 முதல் 70

முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிடுங்கள், பெட்டி மூடியைத் திறக்காதீர்கள். குஞ்சு உள்ளிருந்து ஓட்டை போட்ட முட்டை இருக்கும்போது திறந்தால் ஈரக்காற்று வெளியேறி, உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஓட்டை விழுந்தபின் ஒரு நாள்கூட ஆகலாம், உரிக்கப் போகாதீர்கள். வெளிவந்த குஞ்சு உள்ளே காயட்டும். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். தண்ணீர் ஊற்ற மீன்தொட்டி டியூபைப் பக்கவாட்டில் சொருகி, வெளியிலிருந்து சிரிஞ்சால் ஏற்றுங்கள். இருபது ரூபாய் டியூப்தான், அப்புறம் மூடியைத் தொடவே வேண்டாம்.

பின்சேர்க்கை: டார்ச் அடித்துப் பார்த்துக் கூமுட்டையைத் தூக்கிப்போட்டபின் மொத்த எடை குழம்புகிறது என்று பலர் கேட்டார்கள். முதல் நாளே ஒவ்வொரு முட்டை மேலும் பென்சிலால் அதன் எடையை எழுதுங்கள். எடுத்ததை ஆரம்பக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். வாத்து முட்டைக்கு 28 நாள், 25ஆம் நாளில் திருப்புவதை நிறுத்தவும்.