வெள்ள நிதிச் செய்தியை எப்படிப் படிப்பது

வருவாய்த் துறையில் இருந்தவரை என் கார்த்திகை மாதங்கள் வெள்ளச் சேத அறிக்கை எழுதியே கழிந்தன. இப்போது வேறு வேலை. மழை விட்டதும் "டெல்லி கோடி கோடியாகக் கொடுத்தது" என்று பெரிய தம்பியும், "ஒன்றுமே தரவில்லை" என்று சின்னத் தம்பியும் மல்லுக்கு நிற்பார்கள், நான் கணக்குச் சொல்ல வேண்டும்.

முதலில், அந்தக் கோடி எந்த நிதியில் வந்தது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த கையோடு தமிழ்நாட்டுக்கு 450 கோடி வந்தது. அது புயலுக்கென்று தனியாகத் தந்ததல்ல. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசு போட வேண்டிய பங்கின் இரண்டாம் தவணை. புயல் வராவிட்டாலும் சேர வேண்டியதுதான். இந்த நிதியில் நூற்றுக்கு 75 மத்திய அரசு, 25 மாநிலம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90, 10. அதே நேரத்தில் சென்னைக்கு அறிவித்த 561.29 கோடி, தணிப்பு நிதியில் ஒரு திட்டம். அதில் மத்திய அரசின் பங்கு 500 கோடி. அந்தத் திட்டம் இனி வரும் வெள்ளத்தைத் தடுக்கும் வேலைக்கானது, வீட்டில் தண்ணீர் புகுந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது.

இந்த மாநில நிதி போதாவிட்டால்தான் மத்திய அரசின் தேசியப் பேரிடர் நிவாரண நிதி. மாநிலம் மனு கொடுக்கும், மத்தியக் குழு வந்து பார்க்கும். சரி, இங்கே பென்சிலை எடுங்கள். கேட்டது, ஒப்புதல், விடுவித்தது என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மிக்ஜாமுக்கும் அதே மாதம் தென் மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்கும் சேர்த்துக் கேட்டது 37,000 கோடிக்கு மேல். 2024 ஏப்ரலில் ஒப்புதல் சுமார் 682 கோடி. கைக்கு வந்தது 276 கோடி. மாநில நிதியில் கிடக்கும் இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். கேட்டதற்கும் ஒப்புதலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் ஏன்? மாநிலம் சாலை, பாலங்களை நிரந்தரமாகச் சீரமைக்கும் செலவையும் சேர்த்துக் கேட்கிறது. மத்தியக் குழுவோ எந்தச் சேதத்துக்கு எவ்வளவு தரலாம் என்று மத்திய அரசு போட்டுவைத்த விதிப்பட்டியலை வைத்துப் பெருக்குகிறது. அந்தப் பட்டியல் ரொம்பக் கஞ்சம் என்பது அதை வைத்து வேலை பார்த்த என் எண்ணம்.

அப்புறம், பட்டியலுக்கு மேல் தருவது மாநிலத்தின் சொந்தக் காசு. உயிரிழப்புக்குப் பட்டியலில் 4 லட்சம். மிக்ஜாமுக்கு மாநிலம் 5 லட்சம் அறிவித்தது. அந்தக் கூடுதல் லட்சத்தை மத்தியக் கணக்கில் எழுத முடியாது.

ஏரிக்கரையும் வடிகாலும் அரசமைப்பின்படி மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே கரை உடைந்த செய்தி என்றால், மாநில பட்ஜெட்டில் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று முதலில் தேடுங்கள். இதைச் சொன்னால் சின்னத் தம்பிக்குக் கோபம் வரும். 276-ஐச் சொன்னால் பெரியவனுக்கு.