சொனாட்டா ஒலிப்பதிவில் டெம்போ, கீ, மனநிலை: காதால் கண்டுபிடிக்கும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கீபோர்டு கற்கிறவர்களில் பலர் ஒரு பியானோ சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு) டெம்போவையும் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) கீயையும் (ஆதார ஸ்வரமும் ஸ்கேலும்) ஆப்பில் பார்த்து, வந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். டிரம்ஸ் சீராக அடிக்கும் பாட்டுக்கு அந்த ஆப்கள் சரி. சொனாட்டாவில் டிரம்ஸ் இல்லை, வாசிப்பவர் வேகத்தை இழுத்தும் விட்டும் வாசிப்பார், கீயும் நடுவில் மாறும். இங்கே காதையும் ஒரு சின்னக் கணக்கையும்தான் நம்ப வேண்டும்.

பழகுவதற்கு மொசார்ட் 1788-இல் எழுதிய கே. 545 (அவர் படைப்புகளின் பட்டியல் எண்), சி மேஜர் சொனாட்டாவை எடுத்துக்குங்க. முதல் மூவ்மென்ட் (சொனாட்டாவின் தனித்தனிப் பாகங்களில் ஒன்று) போதும். மூன்று மூவ்மென்ட்டுக்கும் சேர்த்து ஒரே டெம்போ எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. இயர்போன், ஸ்டாப்வாட்ச், ஒரு கீபோர்டு அல்லது தம்புரா ஆப் வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டருகே தறி ஓடினால் அது நின்ற பிறகு கேளுங்க. தறிச் சத்தம் இடக்கையின் பேஸ் ஒலியை மறைத்துவிடும். உங்கள் விரல் தட்டுவதும் தறியின் தாளத்துக்கே போய்விடும்.

படி 1: டெம்போ

ஒரு பாருக்கு (நோட்டேஷனில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள அளவு) நான்கு தட்டு. இடக்கை 'சி-ஜி-ஈ-ஜி' என்று ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்வரத்துக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தட்டினால் டெம்போ இரட்டிப்பாக வரும். ஆப்பும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறது.

தட்டிப் பார்த்ததைக் கணக்கால் சரிபாருங்க. மூவ்மென்ட்டில் ரிப்பீட்டுக்கு (மறுபடி வாசிப்பதற்கு) முன் வரும் முதல் பகுதி 28 பார், அதாவது 112 பீட் (தட்டு). முதல் ஸ்வரம் ஒலித்ததும் ஸ்டாப்வாட்சை ஓட விட்டு, ரிப்பீட்டில் அதே ஸ்வரம் திரும்ப வரும்போது நிறுத்துங்க. 6720-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் சராசரி டெம்போ கிடைக்கும். 50 விநாடி என்றால் 134. 52 என்றால் 129.

சராசரி மட்டும் போதாது. முதல் 4 பாரைத் தனியாக அளந்து, 960-ஐ விநாடிகளால் வகுத்துப் பாருங்க. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கலைஞரின் கை. நோட்டேஷனில் 'அல்லெக்ரோ' (வேகமாக) என்ற சொல் மட்டுமே இருக்கும், எண் இருக்காது. டெம்போவை எண்ணால் காட்டும் தாளக்கருவியான மெட்ரோனோமுக்கு மெல்ட்சல் என்பவர் காப்புரிமை வாங்கியது 1815-இல். மொசார்ட் இறந்தது 1791-இல். எண் போட்ட பதிப்பு கையில் இருந்தால், அது பின்னால் வந்த பதிப்பாசிரியரின் கருத்து.

படி 2: கீ

தம்புராவை 1 கட்டையில், அதாவது சி-யில் வைத்துவிட்டு மூவ்மென்ட்டின் கடைசி சில பார்களைக் கேளுங்க. முடிவு உரசாமல் உட்கார்ந்தால் ஆதார ஸ்வரம் சி. அடுத்து காந்தாரம் (மூன்றாம் ஸ்வரம்): ஈ வந்தால் மேஜர், ஈ பிளாட் வந்தால் மைனர். சங்கராபரணம் பழகிய காதுக்கு மேஜர் ஸ்கேல் உடனே பிடிபடும்.

கடைசியைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் பகுதியின் பாதியிலேயே எஃப் ஷார்ப் வந்து இசை ஜி மேஜருக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய பொறி பின்னால் இருக்கிறது: தொடக்க மெட்டு திரும்பி வரும்போது சி-யில் வராமல் எஃப் மேஜரில், 4 கட்டையில் வரும். மெட்டு திரும்பிவிட்டது, கீயும் திரும்பியிருக்கும் என்று அங்கே கேட்டவர்கள் 'எஃப்' என்று எழுதிவிடுவார்கள்.

தம்புராவோடு ஒட்டவே இல்லையென்றால் கருவியைப் பாருங்க. பழைய பாணி ஃபோர்ட்டேபியானோவில் (மொசார்ட் காலத்துப் பியானோ) ஏ ஸ்வரத்துக்கு 440-க்குப் பதில் 430 ஹெர்ட்ஸ் சுருதி வைப்பது வழக்கம். எல்லாமே சற்றுத் தாழ்ந்து கேட்கும். இசைத்தட்டிலிருந்து ஏற்றிய பதிவு சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடினால் அரை ஸ்வரம் ஏறிவிடும், டெம்போவும் கூடவே தப்பும். இரண்டிலும் கீ 'சி மேஜர்' என்றே எழுதி, சுருதி வித்தியாசத்தைத் தனியாகக் குறியுங்க.

படி 3: மனநிலை

'மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம்' என்ற சூத்திரத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்க. பேத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவில் முதல் மூவ்மென்ட்டும் மூன்றாவதும் ஒரே சி ஷார்ப் மைனர். முதலாவது தணிந்து நகர்கிறது, மூன்றாவது கொந்தளிக்கிறது. கீ ஒன்றுதான், வேகம், ஒலியளவு, ஸ்வர நெருக்கம் எல்லாம் வேறு. 'மூன்லைட்' பேத்தோவன் வைத்த பெயரும் அல்ல, அதனால் நிலவை நினைத்துக்கொண்டு எழுதாதீங்க.

நேரத்தைக் குறித்து, முதலில் காதில் விழுந்ததையும் பிறகு மனதில் பட்டதையும் எழுதுங்க. முதல் பகுதி 50 விநாடியில் முடியும் வேகத்தில், ரிப்பீட்டோடு வாசித்த பதிவுக்கு இப்படி வரும்:

0:00 – சி மேஜர், மெட்டுக்கு இடக்கை துணை, சத்தமில்லாமல். தெளிவு, நிதானம்.
0:22 – ஜி மேஜர், மெட்டு மேல்ஸ்தாயியில். துள்ளல்.
1:40 – ஜி மைனர். சற்றுமுன் ஜி மேஜரில் முடிந்த அதே சிறு வடிவம், பி மட்டும் பி பிளாட் ஆகிறது. முகம் வாடுகிறது, அழுகை இல்லை.
2:03 – எஃப் மேஜர், தொடக்க மெட்டு. நிம்மதி, ஆனால் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

1:40-இல் உள்ள அந்த ஒரு ஸ்வர மாற்றத்தைப் பத்து முறையாவது திருப்பிப் போட்டுக் கேளுங்க. மனநிலை எங்கே, எதனால் மாறுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் தொடக்கநிலையினருக்கு எளிதில் கிடைக்காது.

இதே அட்டவணையை இரண்டாம் மூவ்மென்ட்டுக்குப் போடும்போது பாருக்கு மூன்று தட்டு, தம்புரா 5 கட்டை, அதாவது ஜி.